நட்டவர் மாறினாலும் மரம் நிற்க வேண்டும்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. முருங்கைக்காய், வாழைப்பூ, கறிவேப்பிலை, வாழையிலை, மீன் என்று நம் வீட்டுச் சமையலுக்கு வேண்டியது எல்லாம் கிடைக்கும் இடம் அது. அதைச் சுற்றியுள்ள லட்சுமிபாய் நகர், கித்வாய் நகர், சரோஜினி நகர், நேதாஜி நகர் ஆகிய காலனிகளின் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தே போய் நடந்தே திரும்பினார்கள். லூ காற்று வீசும் மே மாதத்திலும் அப்படி நடக்க முடிந்தது என்றால், வழி நெடுக நின்ற மரங்களே அதற்குக் காரணம்.

அந்த மரங்களைப் பற்றியதே இந்தப் பாடம். மூன்று கேள்விகளுக்கு இதில் விடை காண்போம். நம் வட்டாரத்தில் நிற்கும் மரங்கள் எவை? அண்மை ஆண்டுகளில் அவற்றுக்கு என்ன நேர்ந்தது? குடியிருப்போர் ஒன்று சேர்ந்து மரம் நட்டுக் காப்பது எப்படி?

1. பெயர் தெரிந்தால் உறவு பிறக்கும்

தில்லி மரங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. இந்திப் பெயரால் அவை மறைந்து நிற்கின்றன, அவ்வளவுதான். 'நீம்' என்பது நம் வேம்பு. 'ஜாமுன்' நாவல். 'இம்லி' புளி. 'பீப்பல்' அரசு, 'பர்கத்' ஆல். 'அர்ஜுன்' என்பது ஆற்றங்கரைகளில் நாம் கண்ட மருது. மே மாதத்தில் மஞ்சள் சரம் தொங்கவிடும் 'அமல்தாஸ்' நம் சரக்கொன்றை. மார்ச் மாதத்தில் இலையே இல்லாமல் செந்நிறப் பூவாக நிற்கும் 'சேமல்' இலவ மரம். 'கரஞ்ச்' புங்கு. அக்டோபர் இரவுகளில் தெருவெல்லாம் கனத்த மணம் பரப்பும் 'சப்தபர்ணி' நம் ஏழிலைப்பாலை. தில்லியின் பாறைத் தொடரான ரிட்ஜ் முழுவதும் பரவிக் கிடக்கும் 'விலாயதி கீகர்' எது தெரியுமா? ராமநாதபுரத்துக்காரர்கள் நன்கு அறிந்த சீமைக் கருவேலம்தான்!

1911இல் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறுவதாக அறிவிக்கப்பட்டது. புதுதில்லியைத் திட்டமிட்டவர்கள் கட்டடங்களோடு மரங்களையும் திட்டமிட்டார்கள். ஒரு சாலைக்கு ஒரு மர வகை என்பது அவர்கள் வகுத்த முறை. இன்று கர்த்தவ்ய பாதை எனப் பெயர் பெற்றுள்ள ராஜபாதையில் நாவலும், ஜன்பத்தில் மருதும், அக்பர் சாலையில் புளியும் வரிசையாக நிற்பது இப்படித்தான். திருவானைக்காவின் தலமரம் நாவல், திருவிடைமருதூரின் தலமரம் மருது. ஊருக்கு ஒரு மரத்தை அடையாளமாக வைத்துக் காப்பது நமக்குப் பழகிய வழக்கம். தில்லியின் சாலைகளை அந்தக் கண்ணோடு பார்த்தால் நகரம் சற்று நெருங்கி வரும்.

விடுதலைக்குப் பின் எழுந்த அரசு ஊழியர் காலனிகளிலும் இரண்டு மாடிக் குவார்ட்டர்ஸ்களுக்கு நடுவே பூங்காக்களும் பரந்த புல்வெளிகளும் விடப்பட்டன. அங்கே அரசாங்கம் நட்டவை சில, குடியிருந்தவர்கள் நட்டவை பல. கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் பக்கத்தில் நம்மவர்கள் வைத்த வேம்புகள் மூன்றாம் மாடி உயரத்துக்கு வளர்ந்தன.

2. மார்க்கெட்டின் பக்கத்திலேயே நடந்தது

2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை தென்தில்லியின் ஏழு அரசுக் காலனிகளை இடித்துக் கட்ட ஒப்புதல் அளித்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர், கஸ்தூர்பா நகர், தியாகராஜ் நகர், ஸ்ரீநிவாஸ்புரி, முகமத்பூர் என்பவை அவை. சுமார் 13,000 பழைய வீடுகள் இருந்த இடத்தில் 25,000க்கும் மேற்பட்ட புதிய வீடுகள் என்பது திட்டம். வீடு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. வரிசையில் காத்திருக்கும் ஊழியர்களில் நம்மவர்களும் உண்டு. ஆனால் அந்தக் காலனிகளில் 16,000க்கும் அதிகமான மரங்கள் வெட்டப்பட உள்ளன என்ற செய்தி 2018 ஜூனில் வெளியானதும் நகரம் விழித்துக்கொண்டது.

அதற்குள் நௌரோஜி நகரில் நிறைய மரங்கள் போய்விட்டன. சரோஜினி நகரில் பொதுமக்கள் கூடினார்கள். பள்ளிப் பிள்ளைகள், ஓய்வு பெற்றவர்கள், இல்லத்தரசிகள் என்று பலரும் வந்து மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். 1973இல் இமயமலைச் சாரலின் சமோலி மாவட்டத்தில் கிராம மக்கள் தொடங்கிய சிப்கோ இயக்கத்தின் முறை அது. ஜூன் இறுதியில் வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மரம் வெட்டுவது அப்போதைக்கு நின்றது. எஞ்சிய மரங்களைக் கூடியவரை காப்பாற்றும்படி திட்டத்தை மாற்றுவதாக அரசும் சொன்னது.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. வெட்டும் ஒரு மரத்துக்கு ஈடாகப் பத்து நாற்று நடுவது தில்லியில் உள்ள நடைமுறை. கணக்கில் அது லாபமாகத் தெரியும். ஆனால் ஐம்பது வயது வேம்பு தரும் நிழலைப் பத்து நாற்று சேர்ந்தாலும் பத்து ஆண்டுக்குத் தர முடியாது. மேலும் நாற்றுகள் நடப்படும் இடம் பெரும்பாலும் நகரின் வேறு மூலை. நிழலை இழந்தவர் ஒருவர், பெறுபவர் மற்றொருவர்.

சரி, மரத்தை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் வைக்கலாமே என்றால், அதற்கும் விடை கிடைத்துவிட்டது. அந்த வகையில் இடம் மாற்றிய மரங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே பிழைத்தது என்று 2022இல் தில்லி அரசே உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. இடம் மாறினால் வேர் பிடிப்பது எத்தனை கடினம் என்பதை ஊர் விட்டு ஊர் வந்த நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே முதல் பாடம்: நிற்கும் மரத்தைக் காப்பது முந்தியது, புதிது நடுவது அதற்குப் பிந்தியது. இரண்டும் வேண்டும், வரிசை மாறக் கூடாது.

3. நமக்கென்று ஒரு தனிச் சிக்கல்

மரம் நடும் விழாக்களுக்குத் தில்லியில் குறைவில்லை. 1950இல் கே.எம். முன்ஷி தொடங்கிவைத்த வன மகோத்ஸவம் ஆண்டுதோறும் ஜூலை முதல் வாரத்தில் நடக்கிறது. புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம், லட்டு தருகிறார்கள், கலைந்து போகிறோம். அடுத்த மே மாதம் அந்தக் குழியில் காய்ந்த குச்சி ஒன்று நிற்கிறது.

அக்கறை இல்லாததால் மட்டும் இப்படி ஆவதில்லை. தில்லியில் ஒரு நாற்று தன் காலில் நிற்க மூன்று கோடை கடக்க வேண்டும். நம் வாழ்க்கையோ மாற்றல் உத்தரவில் நடக்கிறது. மூன்று ஆண்டில் சென்னைக்கு மாற்றல். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பெரிய வீடு கிடைத்தால் வேறு காலனி. வாடகை ஏறினால் மயூர் விஹாரோ, துவாரகாவோ, நொய்டாவோ. ஆசையாய் ஒருவர் நட்டுத் தண்ணீர் ஊற்றிய செடி, அவர் சாமான் லாரி ஏறிய அன்றே அநாதையாகிறது. பின்னால் குடிவந்தவருக்கு அது யார் செடி என்று தெரியாது.

'ஆளுக்கு ஒரு மரம்' என்பது கேட்க நன்றாக இருக்கிறது. குடிபெயரும் மக்களுக்கு அது பொருந்தாது. மரத்தை ஆளிடம் ஒப்படைக்காமல், ஆள் மாறினாலும் மாறாத ஒன்றிடம் ஒப்படைக்க வேண்டும்.

அப்படிச் செய்து காட்டிய ஓர் எடுத்துக்காட்டு சென்னையில் இருக்கிறது. கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்தின் அருகே, அடையாற்றை ஒட்டிப் பொதுப்பணித் துறைக்குச் சொந்தமான நிலம் ஒன்று குப்பை மேடாகக் கிடந்தது. 2006இல் 'நிழல்' என்ற தொண்டு அமைப்பு அரசின் இசைவோடு அதைச் சீர்செய்து, நம் மண்ணின் மரங்களை நடத் தொடங்கியது. ஞாயிறு காலையில் தன்னார்வலர்கள் வந்து வேலை செய்வது அங்கே வழக்கம். கல்லூரி மாணவர் வருவார், படிப்பு முடிந்து போவார். அலுவலகத்தார் வருவார், மாற்றலாகிப் போவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போவதில்லை. குப்பை மேடு இன்று மரப் பூங்காவாக நிற்பது அதனால்தான். மரங்களில் அடித்த ஆணிகளையும் விளம்பரத் தகடுகளையும் அகற்றுவது, மக்களை அழைத்துச் சென்று மரங்களை அடையாளம் காட்டுவது ஆகியவையும் அந்த அமைப்பின் பணிகள்.

4. நடும் முறை

இனிச் செய்முறைக்கு வருவோம்.

இடம்: முதலில் நிலம் யாருடையது என்று கேட்டறியுங்கள். அரசுக் காலனி என்றால் மத்தியப் பொதுப்பணித் துறையின் தோட்டக்கலைப் பிரிவு. சாலையோரம் என்றால் புதுதில்லி நகராட்சியோ மாநகராட்சியோ. எழுத்து மூலம் அனுமதி பெறுவது பிற்காலத்தில் செடியைக் காக்கும். மேலே மின்கம்பி, கீழே குழாய், கழிவுநீர்த் தொட்டி இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய அடுக்குமாடிகளில் பூங்காவுக்குக் கீழே கார் நிறுத்தும் தளம் இருக்கலாம். அங்கே மண் ஆழம் குறைவு. ஆல், அரசு வேண்டாம்.

காலம்: தில்லியில் பருவமழை ஜூன் கடைசி வாரத்தில் வரும். இரண்டு நல்ல மழை பெய்து மண் குளிர்ந்த பின், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடுங்கள். குழியை மட்டும் ஜூனிலேயே வெட்டி வெயிலில் ஆறப் போடுங்கள்.

மரம்: அகன்ற இடத்துக்கு வேம்பு, நாவல், மருது. நடுத்தர இடத்துக்குக் கொன்றை, புங்கு. நான்கடி முதல் ஆறடி உயர நாற்று நல்லது. மழைக் காலத்தில் தில்லி வனத்துறையின் நாற்றங்கால்களில் இலவசமாகவே நாற்று கொடுப்பதுண்டு.

குழி: நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டடி. மேல் மண்ணையும் அடி மண்ணையும் தனித்தனியே குவியுங்கள். மூன்றில் ஒரு பங்கு மக்கிய எருவையும், கரையானைத் தடுக்க இரண்டு கை வேப்பம் புண்ணாக்கையும் கலந்து கொள்ளுங்கள். கட்டட இடிபாடு அகப்பட்டால் முழுதும் பொறுக்கி எறியுங்கள்.

நடுதல்: பாலிதீன் உறையைக் கிழித்து எடுத்த பிறகே நட வேண்டும். உறைக்குள் சுருண்டு கிடக்கும் வேரை மெல்லப் பிரித்துவிடுங்கள். பையில் எந்த அளவுக்கு மண்ணில் இருந்ததோ அதே அளவுக்கே புதைக்க வேண்டும். தண்டை ஆழப் புதைத்தால் அழுகிவிடும். பக்கத்தில் ஒரு கழி நட்டு, பழைய பருத்தித் துணியால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். கம்பியும் நைலான் கயிறும் தண்டை அறுத்துவிடும். சுற்றிலும் பாத்தி கட்டி நீர் விடுங்கள். மாடும் ஆடும் வரும் இடமானால் கூண்டு கட்டாயம்.

5. மூன்று கோடை

நடுவது ஒரு காலை நேரத்து வேலை. பேணுவதே உண்மையான வேலை.

மழை நின்றதும் அக்டோபர் முதல் வாரம் ஒரு முறை நீர் போதும். குளிர்காலத்தில் பத்து நாளைக்கு ஒரு முறை. இளஞ்செடி பனியில் கருகாமல் இருக்க டிசம்பர், ஜனவரியில் மேலே வைக்கோல் அல்லது சாக்குப் போடலாம். மார்ச் பிறந்ததும் விழிப்பு வேண்டும். ஏப்ரல் முதல் மழை வரும் வரை வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக விட வேண்டும். அவசரமாகக் கொட்டினால் நீர் மேலேயே ஓடிவிடும். தினமும் ஒரு செம்பு தெளிப்பதைவிட வாரம் இரண்டு வாளி மேலானது. நீர் ஆழம் சென்றால் வேரும் ஆழம் செல்லும். அந்த வேரே பின்னாளில் மரத்தைக் காக்கும்.

கோடையில் தில்லியில் தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டு. அரிசி, காய்கறி கழுவிய நீரைச் சாக்கடையில் விடாமல் வாளியில் பிடித்து வையுங்கள். சோப்பு நீர் மட்டும் வேண்டாம். செடியைச் சுற்றிக் காய்ந்த இலையை நாலு விரல் கனத்துக்குப் பரப்பினால் ஈரம் காயாது. தண்டைத் தொடாமல் பரப்ப வேண்டும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து வந்த காய்களின் தோலும், விருந்து முடிந்த வாழையிலையும் காய்ந்த சருகோடு சேர்ந்தால் நான்கைந்து மாதத்தில் அருமையான எரு.

இரண்டாம் கோடையில் வாரம் ஒரு முறையும், மூன்றாம் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒரு முறையும் நீர் விட்டால் போதும். பிறகு மரம் தானே பார்த்துக்கொள்ளும். தண்டு பருத்ததும் கூண்டை அகற்ற மறவாதீர்கள். இரும்புக் கூண்டு தண்டுக்குள் புதைந்து வாடும் மரங்களை நகரெங்கும் காணலாம்.

6. பெரிய மரத்துக்குச் செய்ய வேண்டியவை

நிற்கும் மரத்தின் அடியைப் பாருங்கள். சிமெண்டோ டைல்ஸோ தண்டை ஒட்டிப் போட்டிருந்தால், மழைநீரும் காற்றும் வேருக்குப் போகாது. புயல் காற்றில் முதலில் சாய்வது அந்த மரமே. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குச் சிமெண்டை அகற்ற வேண்டும், ஆணி, விளம்பரப் பலகை, மின்கம்பி ஆகியவற்றை எடுக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில் தில்லிக்கு ஆணையிட்டது. இதைச் சுட்டிக்காட்டிக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மூலம் விண்ணப்பம் கொடுக்கலாம். நாமே கடப்பாரையால் உடைத்தால் வேர் அடிபடும். துறையினரைக் கொண்டே செய்ய வேண்டும்.

உதிர்ந்த இலைகளைக் கொளுத்தாதீர்கள். 2015இல் அதே தீர்ப்பாயம் இலை எரிப்போருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதித்தது. அபராதம் ஒருபுறம் இருக்கட்டும், அந்தப் புகை போகும் இடம் நம் குழந்தைகளின் நெஞ்சு.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1994ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, மர அதிகாரியின் அனுமதியில்லாமல் மரத்தை வெட்டுவது குற்றம். உங்கள் வீட்டு முற்றத்து மரத்துக்கும் இது பொருந்தும். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட மரங்களை வெட்டுவதானால், மத்திய அதிகாரக் குழுவின் ஒப்புதலும் வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நொய்டா, குர்கானில் சட்டம் வேறு. அங்குள்ள வனத்துறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. படிக்கட்டு நோட்டு

நம் சிக்கலுக்கு வருவோம். ஒரு படிக்கட்டில் நான்கு அல்லது ஆறு குடும்பங்கள் இருக்கும். குடும்பம் மாறும், படிக்கட்டு மாறாது. ஆகவே மரத்தைப் படிக்கட்டின் பெயரில் எழுதுங்கள். அடுக்குமாடியானால் ஒரு தளத்தின் பெயரில். தனி வீடுகளானால் தெருவின் பெயரில்.

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். முதல் பக்கத்தில் அந்தப் படிக்கட்டின் மரங்கள்: பெயர் (தமிழிலும் இந்தியிலும்), நின்ற இடம், நட்ட தேதி. அடுத்த பக்கங்களில் நீர் ஊற்றும் முறை: திங்கள் கீழ்வீடு, வியாழன் மேல்வீடு என்பதுபோல். ஆண்டுக்கு ஒரு முறை, மார்பளவு உயரத்தில் தண்டின் சுற்றளவை நூலால் அளந்து எழுதுங்கள். வீடு காலி செய்பவர் சாவியோடு நோட்டையும் பக்கத்து வீட்டில் கொடுக்க வேண்டும். புதிதாகக் குடிவருபவருக்குப் பால்காரர் விவரம் சொல்வதுபோல் மரத்தின் விவரமும் சொல்ல வேண்டும். வருபவர் பஞ்சாபியோ வங்காளியோ மலையாளியோ, யாராயினும் சரி. மொழி தெரியாத அண்டை வீட்டாரோடு பேச இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது. காலனி மாலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்தது பல புத்தகங்களில் இல்லை.

வெட்ட வருவோர் வரும் நாளிலும் இந்த நோட்டு உதவும். 'இங்கே நிறைய மரம் இருந்தது' என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். 'இந்த ப்ளாக்கில் 23 மரம், இன்ன வகை, இன்ன சுற்றளவு' என்று எழுதிக் காட்டினால் கேட்டே ஆக வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

அடுத்த ஞாயிறு அப்பா அம்மாவோடு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போகும்போது ஒரு தாளும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள்.

1. மெட்ரோ நிலையத்திலிருந்தோ பஸ் நிறுத்தத்திலிருந்தோ மார்க்கெட் வரை எத்தனை மரங்கள்?
2. அவற்றில் எத்தனை மரங்களின் தமிழ்ப் பெயர் உங்களுக்குத் தெரியும்? தெரியாதவற்றின் உதிர்ந்த இலையை எடுத்து வந்து பெரியவர்களைக் கேளுங்கள்.
3. எத்தனை மரங்களில் ஆணி அடித்திருக்கிறது? எத்தனை மரங்களின் அடியைச் சிமெண்ட் மூடியிருக்கிறது?
4. உங்கள் படிக்கட்டின் மரம் எது?

நான்காவது கேள்விக்கு 'இல்லை' என்பது விடையானால், வரும் ஜூலையில் அந்த விடையை மாற்றிவிடலாம். சித்திரைப் பிறப்புக்கு வேப்பம்பூ வேண்டுமென்று மார்க்கெட்டில் தேடுகிறோம். இந்த ஜூலையில் ஒரு படிக்கட்டு நடும் வேம்பு சில ஆண்டுகளில் அந்தப் பூவைத் தரும். அன்று அந்த வீட்டில் இருப்பது நாமாக இல்லாமலிருக்கலாம். யார் இருந்தாலும் பச்சடிக்குப் பூவும், உட்கார நிழலும் இருக்கும். நாளை ஜூலை வரும். இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள்.